மலை நிக்கிற பக்கம் மேற்கு... சுரண்டைக்காரர்கள் மனசுக்குள் வைத்திருக்கும் மேப்!

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் வழியாக சுரண்டைக்குப் போகும் சாலையில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம்.

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை காயாமல் கிளம்பிய கார் ஒன்று ஊர்ந்து ஊர்ந்து வரும். பெரும்பாலும் கேரளா பதிவெண். முன்சீட்டில் இருப்பவர் கையில் செல்போன். அதில் யாரோ அனுப்பிய லொக்கேஷன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மஞ்சளாகச் சிரிக்கும் சூரியகாந்தித் தோட்டம், பின்னால் நீல நிறத்தில் மலை என்று போட்டோவும் கூடவே வந்திருக்கும். 'சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்' என்று செல்போன் சொல்ல, குடும்பமே ஆசையாக இறங்கும். இறங்கிப் பார்த்தால் உழுது போட்ட வெறும் நிலம். இல்லையென்றால் சின்ன வெங்காயம்.

வரப்பில் நிற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார். "அது போன வருசம்லா! இந்த வருசம் இங்கன பூ போடல. நீங்க இன்னுங் கொஞ்சம் வடக்க போங்க. ஒரு கெணறு வரும். அதுல நின்னு மேக்க பாத்தீயன்னா மஞ்சளா தெரியும்."

செல்போன் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் போட்டோ எடுத்தார்கள். ஆனால், விவசாயி ஒவ்வொரு வருடமும் ஒரே நிலத்தில் ஒரே பயிரைப் போடுவதில்லை என்பது மேப்பில் குத்திய அந்தச் சிவப்பு 'பின்'னுக்குத் தெரியாது. வரப்பில் நிற்பவருக்குத் தெரியும். அவர் மனசுக்குள் ஒரு மேப் இருக்கிறது. அதில் கிணறு இருக்கிறது, மலை இருக்கிறது, யார் தோட்டத்தில் இந்த வருடம் என்ன பயிர் என்பதும் இருக்கிறது.

இந்த வாரம் அந்த மனசு மேப் பற்றித்தான்.

இடது, வலது கிடையாது!

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வழி கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புரிந்திருக்கும். இங்கே 'லெஃப்ட்ல திரும்புங்க, ரைட்ல திரும்புங்க' என்பது ரொம்பக் குறைவு. 'தெக்க போங்க', 'கிழக்காம திரும்புங்க', 'மேக்க பாத்த வீடு' என்றுதான் பதில் வரும். சாப்பாட்டுப் பந்தியில்கூட, 'ஏல, கொஞ்சம் வடக்க தள்ளி உக்காரு' என்பார்கள். சென்னையிலிருந்து வந்தவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வடக்கைத் தேடுவார்.

இதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். சுரண்டையில் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்குத்தொடர்ச்சி மலை தெரியும். அது இருக்கும் பக்கம் மேற்கு. அவ்வளவுதான். திசைகாட்டியை ஊருக்கு வெளியே நிரந்தரமாக நட்டு வைத்த மாதிரி. ஆனி, ஆடியில் மலை மேகத்தில் மறைந்தால்கூடக் கவலையில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் அடித்தால் மேற்கு, முதுகில் அடித்தால் கிழக்கு.

தமிழிலேயே இந்த மேப் இருக்கிறது. மேற்கு என்ற சொல்லில் இருப்பது 'மேல்'. கிழக்கில் இருப்பது 'கீழ்'. மலை மேற்கே உயர்ந்து, கடல் கிழக்கே தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர். ஊருக்கு ஊர் மேலத்தெரு, கீழத்தெரு இருப்பதும், சுரண்டைக்குப் பக்கத்தில் கீழச்சுரண்டை இருப்பதும் இந்தக் கணக்கில்தான். சில ஊர்களில் 'கீழத்தெரு' என்பதை சாதி உயர்வு தாழ்வாக மாற்றியது மனிதர்கள் பிற்பாடு செய்த வேலை. சொல்லுக்கு அந்தப் பாவம் கிடையாது.

வழி கேட்கும் விஷயத்தில் கூகுளே இந்தியாவிடம் பாடம் படித்திருக்கிறது. மற்ற நாடுகளில் 'இந்தத் தெருவில் இத்தனை மீட்டர் போய், அந்தத் தெருவில் திரும்புங்கள்' என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். இங்கே அது எடுபடவில்லை. காரணம், பல தெருக்களுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. இருந்தாலும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் பங்க், கோயில், பள்ளிக்கூடம் என்றுதான் வழி சொல்கிறார்கள். இதைப் பார்த்த கூகுள், 2009 டிசம்பரில் இந்தியாவுக்கென்று அடையாளங்களை வைத்து வழி சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. டீக்கடை அண்ணாச்சி காலங்காலமாகச் செய்துவந்த வேலை!

அடையாளம் எப்படி உருவாகிறது என்பதற்கும் சுரண்டை வட்டாரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 'அந்நியன்' படப் பாட்டுக்காக சுந்தரபாண்டியபுரம் பக்கத்தில் பாறைகளுக்கு பெயின்ட் அடித்து முகங்கள் வரைந்தார்கள். படம் வந்தது 2005-ல். இன்றைக்கும் அது 'அந்நியன் பாறை'தான். அந்தப் பாறைக்கு அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் சொன்ன பெயர், மேப் பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஒரே ஊர், வீட்டுக்குள் நாலு மேப்

அமெரிக்காவில் கெவின் லிஞ்ச் என்று ஒரு நகரத் திட்ட அறிஞர் இருந்தார். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களில் வசிப்பவர்களைப் பிடித்து, 'உங்கள் ஊரை நினைவிலிருந்து வரையுங்கள்' என்று சொல்லிப் பார்த்தார். அதை வைத்து 1960-ல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் நகரமைப்புப் படிப்பில் பாடம். மக்கள் ஊரை ஐந்து விஷயங்களால்தான் நினைவில் வைக்கிறார்கள் என்றார் அவர். நடக்கும் பாதை, தாண்ட முடியாத விளிம்பு, ஒரு தனி வட்டாரம், எல்லோரும் கூடும் சந்திப்பு, தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம்.

லிஞ்ச் சொன்னதைச் சுரண்டைக்குப் பொருத்திப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். காய்கறி மார்க்கெட்டுக்குச் சரக்கு கொண்டுவரும் விவசாயியின் மேப் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். அதில் மார்க்கெட்தான் நடு. பாவூர்சத்திரம் சாலை, சேர்ந்தமரம் சாலை, சாம்பவர்வடகரை சாலை என்று எல்லாம் அங்கிருந்து பிரியும். காமராஜர் அரசு கலைக் கல்லூரி மாணவிக்கு பஸ் ஸ்டாண்டும் கல்லூரி வாசலும்தான் இரண்டு முனைகள். நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு பேக்கரி. சிவகுருநாதபுரத்தில் பிறந்து அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்ட பாட்டியின் மேப்பில் கோயில், குளக்கரை, ரேஷன் கடை, மகள் வீடு. மூன்று பேரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனால், தாளில் வரையச் சொன்னால் மூன்று ஊர் வரும்.

இதில் யார் வரைந்தது சரி? மூன்றும் சரிதான். மேப் என்பது ஊரின் போட்டோ இல்லை, ஒரு கேள்விக்கான பதில். 'சரக்கை எங்கே இறக்குவது?' என்று கேட்டவருக்கு ஒரு மேப். 'பஸ் எங்கே நிற்கும்?' என்று கேட்டவருக்கு வேறு மேப். அதனால் எந்த மேப்பைப் பார்த்தாலும், 'இதை வரைந்தவர் என்ன கேள்வி கேட்டார்?' என்று யோசித்துப் பார்க்கலாம். அவர் கேட்காத கேள்விக்கு அந்த மேப்பில் பதில் இருக்காது. சில சமயம் அந்த விடுபட்ட பதிலுக்கு மனிதர்கள் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அரசாங்க மேப்கூட ஒரே மாதிரி இல்லை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. சுரண்டை அன்றிலிருந்து தென்காசி மாவட்டம், வீரகேரளம்புதூர் வட்டம். ஆனால், சுரண்டையின் பின்கோடு இன்னும் 627859. அந்த 627 திருநெல்வேலி வட்டாரத்துக்கானது. 1972-ல் பின்கோடு வந்தபோது போட்ட கோடு அது. வருவாய்த் துறை மேப்பில் பிரிந்த ஊர், தபால்காரர் மேப்பில் இன்னும் நெல்லையோடு சேர்ந்தே இருக்கிறது. பக்கத்துச் செங்கோட்டையின் கதை இன்னும் தமாஷ். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்று விடிந்தபோது சென்னை மாநிலத்தில் இருந்தது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

யானை நடந்த எல்லை, உடைந்த கருவி

காகிதத்தில் மேப் வரைவதற்கு வெகு காலம் முன்பே தமிழர்கள் வார்த்தையில் மேப் வரைந்தார்கள். சோழர் காலச் செப்பேடுகளில் ஒரு ஊரைத் தானமாகக் கொடுத்தால், அதன் எல்லையைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பார்கள். இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு, அங்கிருந்து இன்ன குளத்தின் கரை என்று போகும். எழுதுவதற்கு முன்பு ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது போன வழியில் கல்லும் கள்ளிச்செடியும் நடுவது வழக்கம். ஊரே பார்க்க நடக்கும் சர்வே.

இன்றைக்கும் பத்திரத்தில் 'நான்கெல்லை' எழுதுகிறார்களே, அது இந்த வார்த்தை மேப்பின் பேரப்பிள்ளைதான். கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தப் பாதை என்று எழுதினால்தான் பத்திர எழுத்தருக்குத் தூக்கம் வரும். மதுரைக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டார்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தெருக்களுக்கு மாதங்களின் பெயர். எந்த மாதத் திருவிழா எந்த வீதியில் என்பதைத் தெருப்பெயரே சொல்லும்படி ஒரு காலத்தில் அமைத்தார்கள். மேப்பும் காலண்டரும் ஒன்றாகிவிட்ட ஊர் அது.

அளவெடுத்து வரையும் மேப் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி வைத்து ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளம். அதை அளந்து முடிக்கவே இரண்டு மாதத்துக்கு நெருக்கமாக ஆனது. அந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்தார்கள். அப்படி நடுவில் சரிபார்க்க அளந்த கோடுகளில் ஒன்று 1809-ல் பாளையங்கோட்டைப் பக்கம் அளக்கப்பட்டது.

அதற்கு முந்தைய வருடம் தஞ்சாவூரில் நடந்ததுதான் கதை. டெல்டா தட்டையான பூமி. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கின்றன. உயரமான இடம் வேண்டும். பெரிய கோயிலைவிட உயரம் எங்கே கிடைக்கும்? அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பாதியில் கயிறு அறுந்து, கருவி கல்சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லண்டனிலிருந்து தருவித்த கருவி. வேறு ஆளாக இருந்தால் கப்பலுக்குக் கடிதம் எழுதியிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தானே தட்டி, நெளிவெடுத்துச் சரிசெய்தார். அந்தக் கருவியோடு வேலை மேலும் பல ஆண்டுகள் ஓடியது. ராஜராஜன் கட்டிய விமானத்துக்கு இப்படியும் ஒரு பங்கு இந்திய மேப்பில் இருக்கிறது.

அந்த வேலையின் கேள்வி என்ன? 'கம்பெனிக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது, எந்த வழியாகப் படை போகலாம், எவ்வளவு வரி வரும்?' அதற்கான பதில்தான் வந்தது. ஆனாலும், வரிக்காக அதன் பிறகு ஊர் ஊராக வயல் வயலாக அளந்த சர்வேயர்கள், தெரிந்தோ தெரியாமலோ ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஓடையை ஓடை என்று எழுதி வைத்தார்கள்.

காய்ந்த ஓடையும் கட்டப்போகும் வீடும்

சுரண்டை வட்டாரம் குளத்துத் தண்ணீரை நம்பிய பூமி. குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாற்றில் மட்டும் 17 அணைக்கட்டுகள். கால்வாய் வழியாகத் தண்ணீர் ஒரு குளத்துக்கு வரும், அது நிறைந்தால் மறுகால் பாயும், மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருக்கிற குளத்துக்குத் தண்ணீர் கிடையாது. மேலே இருக்கிற தெருவில் தண்ணீர் நிற்கும்.

செல்போன் மேப்பில் குளம் நீலமாகத் தெரியும். ஆனால், வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடையும் மறுகால் போகும் வழியும் பெரும்பாலும் தெரியாது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் மண். நேரில் போய்ப் பார்த்தாலும் கருவேலம் முளைத்த பள்ளம். 'ரோட்டோரம் நல்ல பிளாட்' என்று சொல்பவர் அதைச் சொல்ல மாட்டார். ஆனால், கிராம வரைபடத்திலும் 'எஃப்.எம்.பி' என்று எல்லோரும் சொல்லும் புலப்படத்திலும் ஓடை அளவோடு இருக்கும். பக்கத்து சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு' என்று போட்டிருக்கும்.

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி பிளாட் வாங்குகிறவர்கள் பத்திரத்தை நாலு பேரிடம் காட்டுகிறார்கள். புலப்படத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அது தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கிறது. தான் வாங்கும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றியுள்ள எண்களையும் பார்க்க வேண்டும். தண்ணீர் பக்கத்து எண்ணிலிருந்துதான் வரும்.

2015 டிசம்பரில் சென்னை இதைப் படித்தது. எந்தத் தெருவில் தண்ணீர், எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று யாருக்கும் தெரியாத நாள்கள் அவை. அப்போது அருண் கணேஷ் என்ற மேப் வடிவமைப்பாளர் இணையத்தில் ஒரு சென்னை மேப்பைத் திறந்துவிட்டார். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டால் அது நிறம் மாறும். சில நாள்களில் ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்துவிட்டார்கள். உதவி செய்யப் போனவர்கள் அதைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்ள முடிந்தது. எந்த அதிகாரியும் அந்த மேப்பை வரையவில்லை. வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் வரைந்தது.

அந்த மேப்புக்கு அடியில் இருந்தது 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'. 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிபீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் இல்லையா? அதே மாதிரி இதில் யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவைச் சேர்க்கலாம், தமிழிலேயே பெயர் எழுதலாம்.

மேப்பில் இல்லாதவர்கள்

விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு சென்னையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கான சட்டம் 1971-ல் வந்தபோது சென்னையில் 1,202 பகுதிகளை அரசு அடையாளம் கண்டது. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பட்டியல் வளரவே இல்லை. நகரம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. பட்டியலில் இல்லாத பகுதியில் வசிப்பவர், குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் கேட்டுப் போனால், 'அப்படி ஓர் இடமே இல்லையே' என்ற பதில் கிடைக்கக்கூடிய நிலை.

2010 வாக்கில் 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற குழு, இந்த விடுபட்ட இடங்களையும் பொதுக் கழிப்பறைகளையும் தெருத்தெருவாகப் போய் மேப்பில் ஏற்றியது. கழிப்பறை மேப் என்றதும் சிரிப்பு வரலாம். மார்க்கெட்டில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து காய் விற்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வராது. அவர் ஊரில் தேடும் முதல் இடம் அதுதான். அந்தக் குழுவைத் தொடங்கிய நித்யா ராமன், பிறகு அமெரிக்கா போய், 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்ற உறுப்பினராக ஜெயித்தது தனிக்கதை.

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் அளவு பிசகாமல் போட்டால் நல்ல மேப் வந்துவிடும் என்றும் இல்லை. லண்டன் சுரங்க ரயிலின் மேப்பை 1931-ல் வரைந்தவர் ஹாரி பெக். மின்சுற்றுப் படம் வரையத் தெரிந்த ஒரு டிராஃப்ட்ஸ்மேன். 'ரயிலுக்குள் இருப்பவருக்கு மேலே என்ன தெரு, எத்தனை மைல் என்பது எதற்கு? எங்கே ஏறணும், எங்கே மாறணும், அடுத்து எது, அவ்வளவுதானே?' என்று யோசித்தார். வளைந்து நெளிந்த பாதைகளை நேராக்கி, நிலையங்களைச் சம இடைவெளியில் போட்டார். முதலில் நிராகரித்தவர்கள் 1933-ல் அச்சிட்டுப் பார்த்தார்கள். மக்கள் கொத்திக்கொண்டு போனார்கள். இன்று மெட்ரோ ரயில் ஓடும் ஊர்களிலெல்லாம் பெக் பாணி மேப்தான்.

ஒரு மினி பஸ் கண்டக்டரிடம் கேட்டால் அவரும் பெக் மாதிரிதான் சொல்வார். எத்தனை கிலோமீட்டர் என்று அல்ல, எத்தனாவது ஸ்டேஜ் என்று. ரயில் நிலையம் இல்லாத சுரண்டைக்கு பாவூர்சத்திரமும் தென்காசியும்தான் ரயிலடி. ராத்திரி ரயிலுக்குப் போக எந்த பஸ், தப்பினால் அடுத்தது எத்தனை மணிக்கு, திரும்பி வரக் கடைசி பஸ் எது என்பதை ஒரே தாளில் வரைந்து பஸ் ஸ்டாண்டில் ஒட்டினால் எத்தனை பேருக்கு ஆட்டோ செலவு மிச்சம்! பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். பெக் வைத்திருந்தது பேனாவும் நோட்டுத் தாளும்.

வாசனைக்கும் ஒரு மேப் உண்டு

மேப்பை வைத்து விளையாடிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் கேட் மெக்லீன், ஊர் ஊராக மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து வாசனை மேப் வரைகிறார். ரெபெக்கா சோல்னிட் என்ற எழுத்தாளர் 2010-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு 22 மேப்கள் கொண்ட புத்தகம் போட்டார். அதில் ஒன்று, அந்த நகரத்தில் 2008-ல் நடந்த 99 கொலைகளையும் அங்கே நிற்கும் சைப்ரஸ் மரங்களையும் ஒரே மேப்பில் காட்டுகிறது. பார்த்தால் மனசு என்னவோ செய்யும். பெக்கி கூப்பர் என்ற பெண், மன்ஹாட்டனின் வெற்று மேப்பை முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுத்து, 'உங்கள் கதையை இதில் வரைந்து தபாலில் அனுப்புங்கள்' என்றார். காதல், பிரிவு, காணாமல்போன கையுறை என்று வந்து குவிந்தவை 2013-ல் புத்தகமாயின.

சுரண்டைக்கும் இப்படி வரையலாம். மார்கழியில் எந்த வீட்டு வாசலில் பெரிய கோலம் என்று ஒரு மேப். குற்றாலச் சாரல் ஒவ்வொரு நாளும் எந்த ஊர் வரை வந்து நிற்கிறது என்று ஒரு மேப். வெங்காயம், கொத்தமல்லி, பேக்கரி, மழைக்கு முந்தைய மண் என்று மூக்கு மேப்.

ஆனால், எல்லாவற்றிலும் உபயோகமானது இன்னொன்று. டெனிஸ் உட் என்ற அமெரிக்கர், ராலே என்ற ஊரில் தான் வசித்த பாய்லன் ஹைட்ஸ் பகுதியை விதவிதமாக வரைந்தார். ஹாலோவீனுக்கு எந்த வீட்டில் பூசணி முகம் வைத்தார்கள் என்றுகூட ஒரு மேப். பக்கத்துச் செய்திமடலில் அடிக்கடி பெயர் வரும் வீடுகளும் அதே இடத்தில் குவிந்திருந்தன. அவர் வரைந்ததில் ஒரு தாள் முழுக்கக் கறுப்பு. ஆங்காங்கே வெள்ளையாகச் சில திட்டுகள். தெருவிளக்கின் வெளிச்சம் விழும் இடங்கள் மட்டும். தெருவும் இல்லை, வீடும் இல்லை, பெயரும் இல்லை.

டியூஷன் முடிந்து ஏழரை மணிக்குச் சைக்கிளில் திரும்பும் பெண் பிள்ளைக்கு இந்த மேப்பை யாரும் விளக்க வேண்டாம். எந்தத் திருப்பத்தில் விளக்கு எரியாது, எந்தக் கடை எட்டு மணி வரை திறந்திருக்கும், எந்த வீட்டுத் திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருப்பாள், எங்கே நாய் துரத்தும் என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் சுற்றி வளைத்து வருவதைப் பார்த்துவிட்டு, 'நேரா வந்தா அஞ்சு நிமிசம்தான, ஏன் லேட்டு?' என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். செல்போன் மேப்பும் நேர்வழியைத்தான் காட்டும். இரண்டு பேருமே அவளுடைய மேப்பைப் பார்த்ததில்லை.

சுரண்டை 2021-ல் நகராட்சி ஆனது. விளக்கு எரியவில்லை என்று வாயால் சொல்வதைவிட, எந்தெந்தக் கம்பம் என்று குறித்த ஒரு தாளை வார்டு கவுன்சிலரிடம் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கொஞ்சம் கஷ்டம். ஆண்ட்ராய்டு போன் இருந்தால் 'ஸ்ட்ரீட் கம்ப்ளீட்' என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. தெருவில் நடந்துகொண்டே, 'இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா?' என்பது போன்ற சின்னச் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். பதில் நேராக ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏறிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. பொது இடங்களை மட்டும் குறியுங்கள். யார் தனியாக இருக்கிறார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் மேப்பில் ஏற வேண்டிய விஷயங்கள் இல்லை.

போனே வேண்டாம் என்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு ஒன்று. வீட்டில் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், பத்து நிமிடம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை வரைய வேண்டும். காப்பியடிக்கக் கூடாது. முடித்ததும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தாத்தா தாளில், ரோடு அகலமாக்கியபோது வெட்டிய புளியமரம் இன்னும் நிற்கும். பையன் தாளில் அந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை இருக்கும். அம்மா தாளில் இரண்டு தெருவுக்கு நடுவே ஒரு சந்து இருக்கும், அப்பாவுக்கு அப்படி ஒரு சந்து இருப்பதே தெரியாது.

தாளின் மேல்பக்கத்தில் யார் எதை வைத்தார்கள் என்றும் பாருங்கள். பள்ளிக்கூட அட்லஸ் பார்த்து வளர்ந்த பையன் வடக்கை வைத்திருப்பான். தாத்தா மலையை வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.